சீமைக்கருவேலம்: வெட்ட வெட்ட ஏன் தழையுது?

மடைவாசல் | 2024 பிப்ரவரி 11
கண்மாய் உள்வாயில் (தண்ணி நிக்கிற உள்பரப்புல) ஜே.சி.பி. விட்டு மொத்தமா அடிச்ச சீமைக்கருவேலம் ஒரு மழைக்கு அப்புறம் முன்னைவிட அடர்த்தியா நிக்குது. ஒத்தைத் தண்டா இருந்த மரம் இப்போ ஒரு தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கம்பு. தூர்ல டீசல் ஊத்து, உப்பு வை, ரவுண்டப் அடின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரே வருஷத்துல ஒழிக்க எது சரி?

தூர்வெட்டி | பிப்ரவரி 11
ஒரே வருஷத்தில் ஒழிக்க எதுவும் கிடையாது. மருந்தை ஓரமா வைங்க. உங்க ஊர்ல நடந்தது பிடுங்கல் இல்லை, முறித்தல்.

இந்த மரத்துக்கு உயிர் இருக்கிற இடம் தண்டும் வேரும் சேருகிற கழுத்து. தரைக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு அந்தக் கழுத்தைச் சுற்றி மொட்டுகள் தூங்கிக்கிட்டு இருக்கும். மேலே தண்டு போனதும் அத்தனையும் விழிக்கும். அதனாலதான் ஒன்று பத்தாகிறது. ஆணிவேரைத் தரையிலிருந்து ஒரு அடி ஆழத்தில் அறுத்து, கழுத்தோடு மேலே எடுத்துட்டா, கீழே மிச்சம் இருக்கிற வேர் தழையாது. முப்பது அடி வேர் போயிருந்தாலும் கவலை இல்லை. வேரை முழுக்கத் தோண்டணும்னு பயமுறுத்துறவங்க பேச்சைக் கேட்க வேண்டாம்.

தூர்வெட்டி | பிப்ரவரி 12
ஜே.சி.பி. வேலை எப்படி நடக்கணும்னு தனியா எழுதுறேன். கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஆள் விட்டு மரத்தை இடுப்பு உயரத்தில் வெட்டணும். தரையோட வெட்டக் கூடாது. அந்த மூணு அடி முண்டுதான் நெம்புறதுக்குப் பிடி. கிளையும் முள்ளும் அப்புறப்படுத்தின பிறகு வண்டி இறங்கணும். பக்கெட் பல்லைத் தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இறக்கி, ஒரு பக்கம் மண்ணைப் பறித்து, எதிர்ப்பக்கத்திலிருந்து முண்டோட உச்சியில் தள்ளணும். கழுத்து முழுசா, கீழே விரல்போல வேர் தொங்க வெளியே வந்தா சரி. முறிஞ்ச முனை மட்டும் வந்தா மீதி உள்ளே இருக்கு. அதே குழியில் உடனே இன்னொரு தடவை பல்லை இறக்கணும். குழியை மூடிட்டா அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.

மணிக்கணக்கு வாடகையில் வண்டி வந்தா டிரைவர் முன்பக்கப் பிளேடால் தள்ளிக்கிட்டே போவார். அரை நாளில் ஏக்கர் கணக்கா 'சுத்தம்'. மரம் தரைமட்டத்தில் முறிஞ்சு, மேலே மண் மூடி, பார்க்க அழகா இருக்கும். தூர் எண்ணிக்கைக்குக் கூலி பேசுங்க. எடுத்த தூரைக் கரையில் குவிச்சுக் காட்டச் சொல்லுங்க.

மணிக்கட்டு மொத்தத்துக்குக் கீழே இருக்கிற கன்றுகளுக்கு வண்டி ஆகாது. பிளேடுக்கு அடியில் வளைஞ்சு படுத்துட்டு மறுநாள் எழுந்துக்கும். அதுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

மடைவாசல் | பிப்ரவரி 12
எந்த மாசம்? இங்கே கரிசல்.

தூர்வெட்டி | பிப்ரவரி 12
கண்மாய் வற்றின பிறகு, முதல் கோடைமழை பெஞ்ச மூணு நாலு நாளில். சித்திரை வெயிலில் கரிசல் பாறையா இறுகிடும். வேர் கழுத்துக்கு மேலேயே ஒடியும். சேறா இருக்கும்போது வண்டி இறங்காது. நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாள்தான் வேலைக்கு ஆகும். காய் முத்தி உதிர்றதுக்கு முன்னாடி முடிஞ்சா இன்னும் நல்லது, ஆனா இது வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல காய்க்கிற மரம், அதனால் அதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

மூட்டக்காரன் | பிப்ரவரி 13
உப்பு வைக்கச் சொன்னவர் யாருப்பா? உப்பளத்து வரப்புல நின்னு தழைக்கிற மரத்துக்கு உப்பு வைத்தியமா. அதுக்குச் சோறு போட்ட மாதிரி ஆயிரும்.

புல்வெளி | பிப்ரவரி 13
டீசல் பற்றி. அது முழுப் பொய் இல்லை. டெக்சாஸில் இதன் உறவுக்கார மரமான மெஸ்கீட்டை மாட்டுப்பண்ணைக்காரர்கள் ஒரு காலத்தில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றித்தான் கொன்றார்கள். காய்ந்த மண்ணில், அடித்தண்டைச் சுற்றி ஊற்றி, எண்ணெய் கழுத்து மொட்டுவரை இறங்கினால் சாகும். மேலே வெட்டுவாயில் மட்டும் தடவினால் ஒன்றும் ஆகாது. தூர் ஒன்றுக்கு லிட்டர் கணக்கில் பிடிக்கும். அதைக் கண்மாய்க்குள் செய்தால் அடுத்த ஐப்பசியில் ஆடு மாடு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ரவுண்டப்பில் இருக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர் வழியாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அதை ஒதுக்கிவைத்தாலும் நீர்நிலைக்குள் களைக்கொல்லி வேண்டாம் என்பதே என் முடிவு. இலைமேல் தெளிப்பது வீண் செலவும்கூட. சிறு இலை, மெழுகுப் பூச்சு. இலை கருகிக் கொட்டும், தூர் மறுபடி தழைக்கும்.

ஆட்டுக்கிடை | பிப்ரவரி 15
எல்லாரும் மரத்தையே பேசுறீங்க. விதை எங்கிருந்து வருதுன்னு யாரும் கேக்கல. மஞ்சக் காய் இனிப்பா இருக்கும். மாடு முழுசா முழுங்கும். கெட்டி ஓட்டுக்குள்ள இருக்கிற விதை வயிற்றுக்குள்ள போய் வெளிய வரும்போது ஓடு இளகி, சாணியில எருவோட சேர்ந்து விழும். விதைநேர்த்தி பண்ணி விதைச்ச கணக்குதான். ஆடு அசைபோட்டு அரைச்சுக் கொஞ்சம் அழிச்சிரும், மாடு அந்த அளவுக்கு அழிக்காது.

காடு பூரா கருவேலக்காய் தின்ன கிடையை, சுத்தம் பண்ணின புஞ்சையில உரத்துக்குன்னு அன்னைக்கு ராவே மடக்கினா, காசு குடுத்து முள்ளு வாங்கின மாதிரி. ஒரு வாரம் வேற மேய்ச்சல்ல, காய் இல்லாத இடத்துல வச்சிருந்து அப்புறம் கொண்டுவரணும். கிடைக்காரங்ககிட்ட இதை முன்கூட்டியே பேசணும், வந்து இறங்கினதுக்கு அப்புறம் பேசினா சண்டைதான்.

தூர்வெட்டி | பிப்ரவரி 15
மேலே இருக்கிறதை வழிமொழிகிறேன். மண்ணில் புதைஞ்ச விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். 'ஒரே வருஷத்தில்' என்ற கேள்விக்கு இதுதான் பதில். மரத்தை எடுக்கிற செலவை முதல் தவணைன்னு வச்சுக்கோங்க.

கம்மாய்ப்பட்டி | பிப்ரவரி 19
இந்த மரம் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிருதாமே, அதனாலதான் ராமநாதபுரத்துல மழையே இல்லையாம். அடியில படுத்தா மூச்சு முட்டுமாம். காய் தின்ன மாடு மலடாயிருமாம். இதெல்லாம் உண்மையா வாட்ஸ்அப்பா?

புல்வெளி | பிப்ரவரி 20
வாட்ஸ்அப். ராமநாதபுரம் இந்த மரம் வருவதற்கு முன்பே வானம் பார்த்த பூமி. கண்மாய்களை அத்தனை நெருக்கமாக முன்னோர் வெட்டியதே அதனால்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை நிறுத்தும் மரம் உலகில் இல்லை.

மெய்யான குற்றச்சாட்டு வேறு. ஒன்று, ஆணிவேர் நிலத்தடி நீர்வரை இறங்கும். மற்ற மரங்கள் இலை உதிர்த்து அடங்கும் கோடையிலும் இது பச்சையாக நின்று நீரை வெளியேற்றும். அடர்ந்த புதராக ஏக்கர் கணக்கில் நிற்கும்போது அந்தக் கணக்கு பெரிது. இரண்டு, இலைச்சருகிலிருந்து இறங்கும் சாறு மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கும், நிழலும் சேர்ந்துகொள்ளும், அடியில் புல் இருக்காது. மூன்று, வரத்துக்கால். இதைத்தான் நான் முதலில் வைப்பேன். கால்வாயில் நெருக்கமாக நிற்கும் தண்டுகள் வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கும், வண்டல் அங்கேயே படியும், கால்வாய் மேடாகும், கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் வயலில் ஏறும். பிறகு 'மழை பெய்தும் கண்மாய் நிறையவில்லை' என்போம். காற்றின் ஈரத்துக்கு இதில் வேலையே இல்லை.

மலடு பற்றி: ஆதாரமில்லை. ஆனால் காயை மட்டுமே மாதக்கணக்கில் தின்னும் மாட்டுக்கு வேறு நோய் வரும். ஜூலிப்ரோசோப்பின் என்ற ஆல்கலாய்டு தாடை நரம்புகளைத் தாக்குகிறது. வாய் கோணி, நாக்குத் துருத்தி, அசைபோட முடியாமல் இளைக்கும். பிரேசிலில் இது நன்கு பதிவான நோய்.

ஆட்டுக்கிடை | பிப்ரவரி 20
கென்யாவுல பரிங்கோ பக்கம் இந்த மரத்தால பல்லு போன ஆட்டைக் கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போய்ச் சாட்சியா நிறுத்தினாங்கன்னு படிச்சிருக்கேன்.

புல்வெளி | பிப்ரவரி 20
ஆம், அது நடந்ததுதான். அங்கே 1980களில் விறகுக்காகவும் பாலைவனத் தடுப்புக்காகவும் நட்டார்கள். இனிப்புக் காயால் ஆடுகளின் பல் சொத்தையாகிக் கொட்டியது. மேய்ச்சல் மக்கள் அரசுமீது வழக்குப் போட்டார்கள்.

நம் பக்கம் கதை அதைவிட நூறு ஆண்டு முந்தையது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரச மரம் என்று அறிவித்துப் பாதுகாத்தது. அரசு என்ற பட்டத்துக்குச் சொல்கிறேன், நம் பிள்ளையார் உட்காரும் அரச மரம் இல்லை. 1960களில் குஜராத்தின் கட்ச் பகுதியில், ரண் என்ற உப்புப் பாலை பரவாமலிருக்க, பன்னி என்ற புல்வெளியில் வனத்துறையே நட்டது. இன்று ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்றான அதில் புல்லைத் தேட வேண்டியிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் நடவில்லை. விறகுப் பஞ்சம் மெய்யாகவே இருந்தது.

மூட்டக்காரன் | பிப்ரவரி 22
விறகுப் பஞ்சத்தைச் சொன்னீங்க, சரி. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் மானாவாரி பொய்ச்ச வருஷம் எத்தனை வீட்டுல உலை கொதிச்சது இந்த முள்ளாலதான்னு யாரும் எழுதலையே. மூணு டன் விறகு போட்டா ஒரு டன் கரி. வேற எந்தப் பயிர் தண்ணி விடாம இப்படிக் குடுக்கும்?

தூர்வெட்டி | பிப்ரவரி 22
அண்ணே, மண் மூட்டத்தில் மூணுக்கு ஒண்ணு வராது. காய்ந்த விறகுன்னா நாலு, ஈர விறகுன்னா அஞ்சுக்குக் குறையாது. மூணுங்கிறது இரும்பு உலைக் கணக்கு.

மூட்டக்காரன் | பிப்ரவரி 23
வெட்டி ஒரு மாசம் நல்லாக் காஞ்ச விறகுக்கு, கைபடிஞ்ச ஆளு போட்டா, மூணேமுக்காலுக்கும் எடுத்துருவான். அதுக்குக் கீழ எறங்கலைங்கிறதை ஒத்துக்கிறேன்.

மூட்டம் எங்க கெடும்னு சொல்றேன், கேக்கிறவங்களுக்கு ஆகும். விறகை மூணு நாலு அடித் துண்டாப் போட்டு, மொத்தக் கட்டையை நடுவுல, மெலிசை ஓரத்துல நெருக்கமா அடுக்கணும். சந்து இருந்தா அந்தச் சந்துல காத்து ஓடி நெருப்பா எரியும், கரி ஆகாது, சாம்பல்தான். மேல எலைதழை, வைக்கோல் பரப்பி, அதுக்கு மேல ஈரமண்ணு ஒரு சாணுக்குக் குறையாம. பத்த வச்சு, ஓரத்து ஓட்டையால காத்தை அளவு பார்த்து விடணும். முதல்ல வெள்ளைப் புகை மொத்தமா வரும், அது தண்ணி. அப்புறம் மஞ்சளிச்சுக் காரமா வரும். நீலம் பாய்ஞ்சு மெலிஞ்சுட்டா அந்தப் பக்கம் வெந்தாச்சு, ஓட்டையை அடை. ராத்திரி மண்ணு வெடிச்சு விரிசல் விடும், யாராச்சும் முழிச்சிருந்து ஈரமண்ணு அப்பலைன்னா விடியும்போது குழிதான் இருக்கும். ஆறாம பிரிச்சாலும் காத்துப் பட்டுத் திரும்பப் பத்திக்கும்.

இன்னொண்ணு. தூர்க்கட்டையில வர்ற கரிக்குக் கம்புக்கரியைவிட வெலை கூட. கனமா, நின்னு எரியும். அதனால தூரு எங்களுக்குத் தரணும்னு ஒப்பந்தம் போட்டா நாங்களே ஆழமாத் தோண்டி எடுப்போம். கம்பு மட்டும்னா தரையோட வெட்டிட்டு மூணு வருஷத்துல திரும்ப வருவோம். எங்களுக்கும் அது வசதிதானே.

தூர்வெட்டி | பிப்ரவரி 23
இந்தக் கடைசி வரியை ஊராட்சித் தலைவர்கள் படிக்கணும். ஏலம் விடுறவங்க இதைக் கவனிக்காததால்தான் பல ஊரில் ஏலமே மரத்தை வளர்க்கிற ஏற்பாடாப் போச்சு.

கம்மாய்ப்பட்டி | மார்ச் 3
கோர்ட்டு உத்தரவு இருக்கே, எல்லாத்தையும் வெட்டச் சொல்லி?

புல்வெளி | மார்ச் 4
2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமையாக உத்தரவிட்டது. மாவட்டம் மாவட்டமாக வெட்டும் போட்டி நடந்தது. அதே ஆண்டு தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்து, நிபுணர்களின் கருத்தைக் கேட்டது. 2022-ல் அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்குமாகத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. வெட்டுவதோடு அந்த இடத்தில் எதைத் திருப்பிக் கொண்டுவருவது என்பதையும் அது சேர்த்துப் பேசுகிறது.

வெட்டும் போட்டியில் பலியானது நாட்டுக் கருவேலம். தயவுசெய்து அடையாளம் பாருங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் பந்து, காய் மணி கோத்த மாலைபோல் விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்திருக்கும். சீமையின் பூ விரல் நீளக் கதிர், வெளிர்மஞ்சள், காய் தட்டையாக, இடுங்காமல், பழுத்தால் வைக்கோல் நிறம். பூவும் காயும் இல்லாத பருவத்தில் இலையைப் பாருங்கள்: சீமையில் இலையின் நடுக்காம்பிலிருந்து பிரியும் கிளைக்காம்பு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இணை, நாட்டு மரத்தில் மூன்றுக்கு மேல், சிற்றிலை இன்னும் பொடிசு. காஞ்சிரங்குளம், சித்திரங்குடி போன்ற கண்மாய்ச் சரணாலயங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது கருவேல மரங்களில்தான். ஐப்பசி முதல் பங்குனி வரை கூடு இருக்கும் எந்த மரத்தையும், சீமையாகவே இருந்தாலும், தொட வேண்டாம். பல கண்மாய்களில் சமூகக் காடு திட்டத்தில் நட்ட கருவேலம் வனத்துறைக் கணக்கில் இருக்கும், அனுமதி இல்லாமல் வெட்டினால் வழக்கு.

மடைவாசல் | மார்ச் 4
இதைத் தின்கிற பூச்சி எதுவும் இல்லையா? பார்த்தீனியத்துக்கு வண்டு விட்ட மாதிரி?

புல்வெளி | மார்ச் 5
இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 1987-ல் விதை தின்னும் அல்கரோபியஸ் வண்டை விட்டது. காய் தீவனமாக வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் கேட்டதால் மரத்தைத் தொடாத, விதையை மட்டும் துளைக்கும் பூச்சியாகப் பார்த்து எடுத்தார்கள். தடுப்பு அதனாலேயே மெலிந்தது. வண்டு முட்டையிடுவதற்கு முன் கால்நடை காயைத் தின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியா 1998-ல் இலையைச் சுருட்டும் எவிப்பே அந்துப்பூச்சியை விட்டது, பில்பாராவில் மரத்தின் வளர்ச்சியை நன்றாகக் குறைத்தது. இங்கே கொண்டுவர வேண்டுமானால் நம் வன்னி மரத்தைத் தின்னுமா என்பதுதான் முதல் சோதனையாக இருக்க வேண்டும். வன்னி இதற்குப் பங்காளி முறை.

ஆட்டுக்கிடை | மார்ச் 9
வண்டு வர்ற வரைக்கும் காயைப் பொறுக்கி அரைச்சாலே போதும். கட்ச்ல அப்படித்தான் பண்றாங்க. பழுத்து உதிர்ந்த காயை நல்லாக் காயவச்சு, ஒடிச்சா சடக்குன்னு ஒடியணும், அப்ப அரைக்கணும். ஈரம் இருந்தாச் சர்க்கரை பாகா இளகி மில்லு சல்லடையை அடைச்சிரும். மழைக்காலத்துல அரைக்கவே முடியாது. விதையும் சேர்ந்து நொறுங்கினாத்தான் பிரயோசனம், முழு விதை மாவுல தெரிஞ்சா சல்லடையை மாத்து. கலப்புத் தீவனத்துல கால் பங்குக்கு மேல போட வேண்டாம், மேல சொன்ன வாய்க்கோணல் வரும்.

தூர்வெட்டி | ஜூன் 30
கோடை வேலை முடிஞ்சிருக்கும். குழிகளைச் சமப்படுத்தி விட்டுடுங்க. பாத்தி மாதிரி மேடும் பள்ளமுமாக் கிடந்தா நாற்று பிடுங்கும்போது கால் போகும். முள்ளைக் கண்மாய்க்குள்ளேயே குவிச்சு எரிக்காதீங்க, மடைக்கல் வெடிக்கும், உதிர்ந்த காய் பாதி வேகாமல் கிடக்கும்.

மடைவாசல் | நவம்பர் 8
மழை பெஞ்சாச்சு. உள்வாயில் பச்சைப் பாய் விரிச்ச மாதிரி சீமைக்கருவேல நாற்று. தலை சுத்துது.

தூர்வெட்டி | நவம்பர் 8
இதுதான் நிஜமான வேலை, போன கோடையில் நடந்தது முன்னோட்டம். பதற்றப்பட வேண்டாம். தண்ணீர் தேங்குற ஆழப் பகுதியில் நாற்று முழுசா மூழ்கி மாசக்கணக்கில் கிடந்தா அதுவே அழுகிடும், அங்கே ஆள் விடாதீங்க. தண்ணீர் ஏறாத மேட்டு விளிம்பு, வரத்துக்கால், கரையோட உள்சரிவு, இந்த மூணு இடம்தான் கூலி கொடுக்க வேண்டிய இடம்.

ஒரு சாண் உயரம் இருக்கும்போது, மண் ஈரமா இருக்கிற கார்த்திகை மார்கழியில் கையால் இழுத்தா வேரோட வரும். தைக்கு மேல மண் இறுகி, இழுத்தா தண்டு மட்டும் அறுந்து வரும். அறுந்தது கணக்கில் சேராது, கழுத்து உள்ளே இருக்கு. களைக்கொத்தால் ஒரு சாண் கீழே குத்தி எடுக்கணும். ஒரு வருஷம் தள்ளிட்டா கடப்பாரை, ரெண்டு வருஷம் தள்ளிட்டா திரும்ப ஜே.சி.பி. முதல் வருஷம் ரெண்டு சுற்று, அப்புறம் மழைக்கு மழை ஒரு சுற்று, அஞ்சு வருஷத்துக்குப் பணம் ஒதுக்கி வைக்காத ஊர் மரத்தைத் தொடாம இருக்கிறதே மேல். பாதி செஞ்ச வேலை ஒரு மரத்தைப் பத்தாக்கும்.

புல்வெளி | நவம்பர் 10
வெற்றுத் தரையாக விடாதீர்கள். மேட்டு விளிம்பில் கொழுக்கட்டைப் புல், ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை, மண்ணில் லேசாகக் கீறித் தூவினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. முதல் மழைக்காலம் முடியும்வரை மேய்ச்சல் கூடாது, அதுதான் எல்லா ஊரிலும் தவறும் இடம். புல் அடர்ந்த இடத்தில் சீமை நாற்று ஒளி கிடைக்காமல் பாதிக்கு மேல் சோர்ந்துபோகும். கரையில் பனங்கொட்டை, பத்தடிக்கு ஒன்று, வெளிச்சரிவில். உள்வாயில் நீர்மருது, நாட்டுக் கருவேலம். ஆனால் வரத்துக்காலில் எதையும் நடாதீர்கள், நல்ல மரமானாலும் கால்வாய்க்குள் அது அடைப்புதான்.

மூட்டக்காரன் | நவம்பர் 11
அப்போ எங்க தொழிலு?

தூர்வெட்டி | நவம்பர் 11
பயப்படாதீங்க அண்ணே, தரிசும் உவர்நிலமும் உங்களுக்கு இன்னும் ரெண்டு தலைமுறைக்குக் காணும். கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு, இந்த மூணையும் விட்டுக் கொடுங்க. பட்டா நிலத்துத் தோப்பை மூணு வருஷத்துக்கு ஒரு வெட்டுன்னு வைங்க. ஆனா காய் பழுக்கிற சமயம் அதுக்குள்ள மாடு விடக் கூடாது.

மடைவாசல் | டிசம்பர் 2
அடுத்த கோடைக்கு ஒன்றியத்தில் மீதிப் பாதியை ஏலம் விடப்போறாங்க. எங்க கண்மாய் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் கீழே, அதனால் நீர்வளத்துறை இல்லை, ஊராட்சி ஒன்றியம்தான். ஏல நிபந்தனையில் என்ன எழுதச் சொல்லணும்?

தூர்வெட்டி | டிசம்பர் 3
கம்பும் தூரும் சேர்த்தே ஒரே ஏலம், பிரிக்கக் கூடாது. ஒரு அடி ஆழத்துக்குத் தூர் எடுக்கணும், எடுத்த குழியை ஊராட்சி பார்த்த பிறகுதான் மூடணும். ஏலத் தொகையில் மூணில் ஒரு பங்கு முன்பணமாப் பிடிச்சு வச்சு, அடுத்த மார்கழியில் தழைப்பு பார்த்துத்தான் விடுவிக்கணும். நாட்டுக் கருவேலத்துக்கு முன்கூட்டியே சுண்ணாம்பு அடிச்சு எண் போடணும், எண் போட்ட மரம் விழுந்தா அபராதம். கரையிலிருந்து பத்தடிக்குள்ள இயந்திரம் கூடாது, அங்கே ஆள் வேலை மட்டும், கரையில் தூர் எடுத்த குழியை அன்னைக்கே மண் போட்டுத் திமிசு அடிக்கணும். இல்லைன்னா அடுத்த வெள்ளத்தில் அந்தக் குழி வழியாத்தான் கரை உடையும்.

மூட்டக்காரன் | டிசம்பர் 3
மூணில் ஒரு பங்கு பிடிச்சா எவனும் ஏலத்துக்கு வரமாட்டான் தம்பி. கால் பங்குன்னு போடு, நானே வர்றேன்.